கமகுராவில் ஒரு நினைவுக்கல்

2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டோக்கியோவில் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருந்தோம். எனக்கும் மனைவிக்கும் கமகுரா நகரைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி அம்மையாரை அவன் ஒழுங்கு செய்திருந்தான். தெற்கு நோக்கிப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நிலைய வாயிலில் எங்கள் பெயர் எழுதிய அட்டையுடன் அவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியை. வயது எழுபதை எட்டியிருக்கும். "நீங்கள் இலங்கையர் என்று அறிந்தேன். உங்களுக்கென்றே ஓர் இடத்தை இறுதியில் வைத்திருக்கிறேன்" என்று நிதானமான ஆங்கிலத்தில் கூறினார். அது எந்த இடம் என்பது பத்திரிகைக்காரனான எனக்கு உடனே விளங்கிவிட்டது. மனைவியிடம் நான் வாய் திறக்கவில்லை.

கமகுரா இன்று ஒரு சிறிய கடலோர நகரம். 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினமோட்டோ யோரிட்டோமோ என்ற போர்த்தலைவர் இங்கே நிறுவிய ஆட்சிபீடம் 1333 வரை நிலைத்தது. அவர் போற்றிய ஹச்சிமன் ஆலயத்தின் படிக்கட்டருகே, ஆயிரம் ஆண்டு கண்டது என மக்கள் நம்பிய ஜிங்கோ மரம் ஒன்று நின்றது. 2010 மார்ச்சில் வீசிய கடுங்காற்றில் அது சாய்ந்தது. எஞ்சிய அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்கள் எழுந்திருப்பதை வழிகாட்டி பெருமையோடு காட்டினார்.

மதிய உணவு, நெத்தலியிலும் சிறிய வெண்ணிற மீன்களைச் சோற்றின்மேல் குவித்துத் தந்த உணவு. "இதோட கொஞ்சம் சம்பல் இருந்தால் எப்பிடி இருக்கும்" என்றார் மனைவி. பின்னர் 1902 முதல் ஓடும் எனோடென் என்ற சிறு புகையிரதத்தில் ஏறினோம். வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசுவதுபோல் சென்று, ஹசே நிலையத்தில் அது எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து சில நிமிட நடையில் கோட்டொகுயின் விகாரை.

11 மீற்றருக்கு மேல் உயரமும் ஏறக்குறைய 121 தொன் எடையும் கொண்ட வெண்கலப் புத்தர் அங்கே அமர்ந்திருக்கிறார். வார்ப்புப் பணி 1252 இல் ஆரம்பமானது. ஒரு காலத்தில் அவரைச் சூழ்ந்திருந்த மண்டபம் இயற்கையின் சீற்றத்தால் அழிந்தது. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திறந்த வெளியில், மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருக்கிறார்.

அந்த வளாகத்தின் ஒரு பக்கத்திலேயே நான் எதிர்பார்த்த கல் இருந்தது. 1991 இல் நிறுவப்பட்ட, ஜே.ஆர். ஜயவர்தனவின் நினைவுக்கல். 1951 செப்டெம்பரில் சன்பிரான்சிஸ்கோ சமாதான மகாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராக அவர் உரையாற்றினார். பகையைப் பகையால் தணிக்க முடியாது, அன்பே தணிக்கும் என்ற புத்தரின் போதனையை எடுத்துக்கூறி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என அறிவித்தார். தோற்றுத் தலைகுனிந்திருந்த ஒரு தேசத்திற்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்தது என்று வழிகாட்டி சொன்னபோது அவரது குரல் தழுதழுத்தது. எங்களை நோக்கி ஆழ்ந்து தலைவணங்கினார்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் மனைவியின் ஊர் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசியபோது, கைக்குழந்தையுடன் ஊரைவிட்டு நடந்த கதையை அவரது தாயார் பலமுறை கூறியிருக்கிறார். அந்தக் குண்டுகளையும் சேர்த்தே ஜயவர்தன மன்னித்தார். அந்த உரையின் பெருமையை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆனால் 1983 யூலையில் கொழும்பு எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. நான்கு நாட்களின் பின் தொலைக்காட்சியில் தோன்றியபோது, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் அனுதாப வார்த்தைகூட அவர் கூறவில்லை.

"உங்கள் நாட்டில் இவரை எப்படி நினைவுகூர்கிறீர்கள்?" என்று வழிகாட்டி கேட்டார்.

"மனிசியின்ர மனத்தை நோகடிக்காதேங்கோ. நான் சொல்லுறன்" என்று மெதுவாக எனக்குச் சொல்லிவிட்டு, மனைவி ஆங்கிலத்தில் அவருக்கு விடையளித்தார்.

"நாங்கள் தமிழர். 1983 இல் எங்களைப் போன்றவர்களைத் தேடித் தெருவெங்கும் கும்பல்கள் அலைந்தன. அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி எங்களையும் பிள்ளையையும் ஐந்து நாட்கள் தன் அறையில் மறைத்து வைத்திருந்தார். வாசலில் வந்து கேட்டவர்களிடம் இங்கே எவரும் இல்லை என்றார். இந்தக் கல்லில் உள்ள வார்த்தைகளை வாசிக்கும்போது எனக்கு அவருடைய முகமே தெரிகிறது."

அரசியலைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் கூறவில்லை. ஆயினும் வழிகாட்டி அனைத்தையும் விளங்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். சிறிது நேரம் கல்லையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "இனி இலங்கையர் வரும்போது அந்தப் பெண்மணியின் கதையையும் நான் கூறலாமா?" என்று கேட்டார்.

"கட்டாயம் கூறுங்கள்" என்றார் மனைவி.

புகைப்படம் எடுக்கட்டுமா என்று அவர் தயங்கியபடி கேட்டார். நாங்கள் இருவரும் அந்தக் கல்லின் அருகே நின்றோம். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. வந்து பார்ப்பவர்களில் சிலர், இந்தக் கல்லின் பக்கத்தில் நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று சினத்துடன் கேட்பதுண்டு. அவர்களை அமரச் செய்து, முதலில் அடுத்த வீட்டுப் பெண்மணியைப் பற்றிக் கூறத் தொடங்குவேன்.