வயிற்றுப் புண்ணும் வீண் பழியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர். சிரசின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சாண் வயிறு நொந்தால் சிரசின் எண்ணமும் கையின் தொழிலும் ஒருங்கே தடைப்படும் என்பதை, வயிற்று நோயாளி ஒருவரோடு வாழ்ந்த இல்லத்தார் நன்கறிவர்.

நம் இல்லமும் அத்தகையதே. தந்தையார் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். 1970-களில் அவருக்குக் குடற்புண் கண்டது. “கோபத்தைக் குறையுங்கள், கவலையை விடுங்கள், காரத்தைத் தொடாதீர்கள்” என்று மருத்துவர் முதல் உறவினர்வரை அனைவரும் கூறினர். அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவே. பாலும் மோர்ச்சோறுமாகவே பல ஆண்டுகளைக் கழித்தார். நோவு ஒருபுறமிருக்க, “எல்லாம் என் கோபத்தால் வந்த வினை” என்ற எண்ணமும் அவரை அரித்தது. அன்னையாரோ, தாம் அரைத்த மிளகாயே காரணம் என்று தம்மை நொந்துகொண்டார். 1981-இல் தந்தையார் இறைவனடி சேர்ந்தார்.

அச்சு மையின் மணத்திலேயே வளர்ந்த நாம், எந்த நிறுவனத்தையும் சாராது, வீட்டிலிருந்தே நூல்களுக்கு அட்டையும் படமும் வடிவமைத்துத் தருகிறோம். ஒருமுறை நலவாழ்வு நூலொன்றிற்கு இரைப்பையின் படம் வரையும் பணி வந்தது. பொருளை அறியாமல் கோடு இழுப்பது எங்ஙனம்? படிக்கத் தொடங்கினோம். இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலம் அதன் சுவரையே அரித்துவிடாதபடி வழவழப்பான சளிப்படலம் ஒன்று காக்கின்றது. அந்த அமிலத்தில் எக்கிருமியும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், 1979-இல், இராபின் வாரன் என்னும் மருத்துவர் இரைப்பைத் திசுவில் வளைந்த நுண்கிருமிகளைக் கண்டார். பின்னர் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். ஆய்வுத் தட்டுகளில் அவற்றை வளர்க்க முயன்றனர், வளரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளை எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அதற்கு வேண்டியிருந்தது சிறிது அவகாசமே.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமி, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துள் குடியிருக்கின்றது. மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. ஆகவே மார்ஷல் 1984-இல் கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களில் அவருடைய இரைப்பையில் அழற்சி கண்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று தெளிவாகியிருப்பது இது: இரைப்பைப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் இக்கிருமி, அல்லது நாம் எளிதாக வாங்கி விழுங்கும் சில வகை வலி மாத்திரைகள். காரம் எரிச்சலை மிகுவிக்கலாம். புண்ணுக்கு மூலகாரணம் அதுவன்று. கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதுமில்லை. மூச்சுச் சோதனையாலும் மலச் சோதனையாலும் கிருமியைக் கண்டறியலாம். மருத்துவர் தரும் மருந்துகளை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தவறாது உட்கொண்டால் பெரும்பாலோரிடம் அதனை ஒழித்துவிடலாம்.

இதனை அன்னையாரிடம் எடுத்துரைத்தோம். “அப்படியானால் என் மிளகாய் இல்லையா?” என்றார். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அவர் இதைக் கேட்காமல் போய்விட்டாரே!” என்று கண் கலங்கினார்.

படம் வரைபவனுக்கு மருத்துவ ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அன்னையாரின் அந்த ஒரு சொல்லே நம் விடை. அறியும் ஆவல் வீண் பொழுதுபோக்கன்று. நெடுநாள் சுமந்த பழியையும் அது இறக்கி வைக்கக்கூடும். நம் இல்லங்களில் யாரேனும் வயிற்று வலியால் வாடினால், “உன் கோபந்தான், உன் நாக்குத்தான்” என்று தீர்ப்புக் கூறாதிருப்போம். அவரை அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். காரணம் அறியுமுன் பழி கூறாதிருத்தலும் நோயாளிக்கு நாம் செய்யும் பணிவிடையே.