பெரியம்மாவுக்கு நான் பார்த்துக் கொடுத்த இடம்

கொஞ்சம் நீளமான திரி. நேரம் இருக்கும்போது படிங்க.

நேற்று ராத்திரி தெரிஞ்சவர் ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "டாக்டர், அம்மாவுக்கு இனிமே கீமோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஹாஸ்பைஸ் இருக்காம். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கப் போறோம். அங்க போய் எதைப் பார்க்கணும்?"

நாலு வரியில் பதில் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். முடியலை. ஏன்னா இதே கேள்விக்கு ஒருமுறை நான் தப்பான பதில் சொல்லியிருக்கேன். அதுவும் என் சொந்தப் பெரியம்மாவுக்கு.

பெரியம்மாவுக்கு வலது கன்னத்தில் புற்றுநோய். நாற்பது வருஷம் வெத்தலையோட புகையிலை. ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு, ஒரு வருஷத்தில் திரும்ப வந்தது. கன்னத்தோல் வழியா வெளியே புண்ணா வந்துடுச்சு. சாப்பாடு மூக்கு வழியா போட்ட டியூபில்தான். வீட்டில் பார்த்துக்க ஆள் இல்லை. அவங்க மகன், எனக்கு அண்ணன், போன் பண்ணினார்.

"தம்பி, திருநெல்வேலி பக்கத்துல ஒரு இடம் சொல்லுதாங்க. நீ ஒரு எட்டு பாத்துட்டு சொல்லுடே. நீ சரின்னா எனக்குச் சரி."

மதுரையிலிருந்து போய்ப் பார்த்தேன். ஒரு டாக்டர் எதையெல்லாம் பார்ப்பானோ அதையெல்லாம் பார்த்தேன். தரை பளபளன்னு இருந்தது. எல்லா ரூமிலும் ஏசி. கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், சக்ஷன், வாசலில் சொந்த ஆம்புலன்ஸ். வரவேற்பில் மீன் தொட்டி வேற. "டாக்டர் 24 மணி நேரமும் உண்டு"ன்னு போர்டு.

சுத்திக் காட்டின நிர்வாகி பெருமையா ஒண்ணு சொன்னார். "சார், இங்க யாரும் சாகறதே இல்லை. சீரியஸ் ஆனா உடனே ஆம்புலன்ஸ்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்! நம்புங்க. பதினஞ்சு வருஷமா மருத்துவம் பார்க்கறவன், "பரவாயில்லை, பொறுப்பான ஆளுங்க"ன்னு நினைச்சேன். ஹாஸ்பைஸ்னா என்ன? குணமாக்க முடியாத நோயோட இருக்கறவங்க, கடைசி வரைக்கும் வலியில்லாம, தெரிஞ்ச முகங்களுக்கு நடுவில் இருக்கற இடம். கடைசி நேரத்தில் அள்ளிப் போட்டுக்கிட்டு ஐசியுவுக்கு ஓடற இடத்தை எப்படி ஹாஸ்பைஸ்னு சொல்றது? அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு எல்லாம் புரிஞ்சிருக்கணும். புரியலை. அண்ணனுக்கு போன் பண்ணி "சேர்த்துடுங்க அண்ணே"ன்னு சொன்னேன்.

மூணாவது நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணன் போன். பின்னாடி ஒரு சத்தம். பெரியம்மாவுக்கு வாயைத் திறந்து கத்த முடியாது, அதனால அது அழுகை மாதிரியும் இல்லை, முனகல் மாதிரியும் இல்லை. "தம்பி, யாரும் வரமாட்டங்காங்கடே."

நான் போய்ச் சேரும்போது மணி நாலரை. டூட்டியில் ஒரே ஒரு நர்ஸ், இருபத்திரண்டு வயசு இருக்கும். பதினெட்டு நோயாளிக்கு அந்தப் பொண்ணு ஒருத்திதான். "டாக்டருக்கு ஏழு தடவை அடிச்சேன் சார், எடுக்கலை"ன்னு சொல்லும்போது அதுக்கும் கண்ணில் தண்ணி. அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னிக்கும் கோபம் இல்லை.

கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக் ஊசி, எஸ்ஓஎஸ். டிரமடால், எஸ்ஓஎஸ். எஸ்ஓஎஸ்னா 'தேவைப்பட்டால் மட்டும்'. அதாவது நோயாளி வலியில் துடிக்கணும், யாராவது அதைக் கவனிக்கணும், அப்புறம் டாக்டரைக் கேட்கணும், அப்புறம் மருந்து. புற்றுநோய் வலி நாள் முழுக்க இருக்கறது. அதுக்கு மருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கணும், வலி வர்றதுக்கு முன்னாடியே. உலக சுகாதார நிறுவனம் இதை 1986லேயே எழுதி வச்சிருக்கு.

"மார்ஃபின் மாத்திரை இருக்கா?"

"அதெல்லாம் இங்க வச்சுக்கறதில்லை சார். போலீஸ் பிரச்சினை வரும்னு சொல்லுவாங்க."

நிர்வாகியைத் திட்ட வாயெடுத்தேன். அப்போதான் உறைச்சது: நானே அதுவரைக்கும் ஒரு நோயாளிக்குக்கூட மார்ஃபின் மாத்திரை எழுதினதில்லை.

இந்த பயம் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடுமையான தண்டனை, மருந்தை வாங்கி வைக்க ஏகப்பட்ட லைசன்ஸ். எதுக்கு வம்புன்னு ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே கைவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைத் தொடாமலேயே ரிட்டயர் ஆனாங்க. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு லைசன்ஸோட அபின் பயிர் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பற நாடு நம்ம நாடு. நம்ம பெரியம்மாவுக்குத்தான் கிடைக்காது. 2014ல் சட்டத்தைத் திருத்தினாங்க. இப்போ மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரிச்சா போதும், அந்த மருத்துவமனை மார்ஃபின் உள்பட அத்தியாவசிய வலி மருந்துகளை வாங்கி வைக்கலாம். பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கணும், மாத்திரைக்கு மாத்திரை கணக்கு எழுதணும். அவ்வளவுதான்.

ஆக, ஒரு இடத்தில் மார்ஃபின் இல்லைன்னா "சட்டம் விடலை"ன்னு சொல்றது இப்போ செல்லாது. அங்கீகாரம் வாங்க மெனக்கெடலைன்னுதான் அர்த்தம். ஞாயித்துக்கிழமை போறவருக்கு என் முதல் கேள்வி இதுதான்: வாய்வழி மார்ஃபின் இருக்கா, இன்னிக்குக் கையிருப்பில் எத்தனை மாத்திரை? இருக்கற இடத்தில் இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல யோசிக்கவே மாட்டாங்க. நோட்டைத் திறந்து காட்டுவாங்க.

விடிஞ்சதும் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கற மயக்க மருந்து நிபுணர் ஒருத்தரைக் கூப்பிட்டேன். என் சீனியர். நடந்ததைச் சொன்னேன். "ஏம்ப்பா, போகும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா"ன்னு சொல்லிட்டு ஒரு டிரஸ்ட் நடத்தற இடத்தைச் சொன்னார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய ஓட்டு வீடு. பத்து கட்டில். ஏசி கிடையாது, மானிட்டர் ஒண்ணுகூட இல்லை. அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. "என்னடே, தர்ம ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு?"

அட்மிஷன் ஃபாரம், ஆதார், அட்வான்ஸ் எதுவும் கேட்கலை. (முதல் இடத்தில் அட்வான்ஸ் ஐம்பதாயிரம். அது திரும்பி வந்த கதை தனித் திரி.) ஆம்புலன்ஸிலிருந்து இறக்கினதும் ஒரு நடுத்தர வயசு நர்ஸக்கா வந்து பெரியம்மா கையைப் பிடிச்சாங்க. அவங்களால பேச முடியாதுன்னு பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டு, தன் பத்து விரலையும் விரிச்சுக் காட்டினாங்க. "ஆச்சி, பத்து விரல்னா தாங்கவே முடியாத வலி. இப்போ உங்களுக்கு எத்தனை விரல்?"

பெரியம்மா ஒன்பது விரல் காட்டினாங்க.

முதல் இடத்தில் மூணு நாளும் பிபி, பல்ஸ், ஆக்சிஜன் எல்லாம் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதியிருந்தாங்க. வலி எவ்வளவுன்னு ஒருத்தரும் கேட்கலை. நானும் கேட்கலை.

மார்ஃபின்னு சொன்னதும் அண்ணன் பயந்தார். "அது கடைசி மருந்துல்லா? அடிமை ஆயிருவாங்கல்லா?" இந்தக் கேள்வியை அந்த இடத்து டாக்டரம்மா எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாங்களோ. உட்கார வச்சு சொன்னாங்க. வலிக்குத் தகுந்த அளவில் ஆரம்பிச்சு, பார்த்துப் பார்த்துக் கூட்டினா உயிரைக் குறைக்காது. வலிக்காக முறையா கொடுக்கும்போது போதைப் பழக்கம் ஆகறது ரொம்ப அபூர்வம். மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதனால பேதி மருந்து சேர்த்தே தருவோம். (ஒரு இடத்தில் மார்ஃபின் எழுதி, கூட மலச்சிக்கல் மருந்து எழுதலைன்னா அவங்களுக்கு இதில் பழக்கம் இல்லைன்னு வச்சுக்கலாம்.) அஞ்சு மில்லிகிராம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு மட்டும் டபுள், நடுராத்திரி எழுப்ப வேண்டாம்னு. சாதாரண மாத்திரை, பொடிச்சு டியூபில் கொடுத்தாங்க. இதைப் படிச்சுட்டு வீட்டில் யாரும் முயற்சி பண்ணாதீங்க, அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

மறுநாள் சாயங்காலம் மூணு விரல்.

புண்ணிலிருந்து வந்த வாடையைப் பற்றியும் சொல்லணும். அந்த வாடைக்குப் பயந்துதான் பேரப் பிள்ளைங்க பெரியம்மா பக்கத்தில் வர்றதை நிறுத்தியிருந்தாங்க. அது அவங்களுக்கும் தெரியும். முதல் இடத்தில் ரூம் ஃப்ரெஷ்னர் அடிச்சாங்க. இங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடிச்சு, புண்ணைக் கழுவிட்டு மேல தூவிக் கட்டினாங்க. சில ரூபாய் சமாச்சாரம். நாலைஞ்சு நாளில் வாடை பெரும்பாலும் அடங்கிடுச்சு. அடுத்த ஞாயிறு பேத்தி கட்டில் மேலயே ஏறி உட்கார்ந்திருந்தா. அதனால ஒரு இடத்துக்குப் போனா மூக்கைத் திறந்து வைங்க. மூத்திர வாடை, புண் வாடை ஒரு பக்கம். எங்க பார்த்தாலும் சென்ட் வாடை அடிச்சாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்க.

அப்புறம் அங்க ஏற்கெனவே இருக்கற நோயாளிகளோட உதட்டைப் பாருங்க. காய்ஞ்சு வெடிச்சுப் பொருக்குத் தட்டியிருந்தா வாயை யாரும் துடைச்சு விடறதில்லை. குதிகாலையும் பாருங்க, படுக்கைப்புண் முதலில் தெரியற இடங்களில் அதுவும் ஒண்ணு. ஏர் பெட் வாங்கிப் போட்டா போதாது, ஆள் திருப்பிப் படுக்க வைக்கணும். முடிஞ்சா சொல்லாம, ராத்திரி எட்டரைக்கு மேல போங்க. பகல் பத்து மணிக்கு எல்லா இடமும் நல்ல இடம்தான்.

பட்ட அடியில் இந்தத் தடவை எனக்கு யாரையும் நம்பத் தோணலை. ரெண்டாவது இடத்துக்கு வேணும்னே ராத்திரி ஒரு மணிக்கு போன் அடிச்சேன். மூணாவது ரிங்கில் எடுத்தாங்க. பெரியம்மா பேரைச் சொன்னதும், நோட்டைப் புரட்டற சத்தம், "பத்து மணி டோஸ் போயிருச்சு சார், இப்போ தூங்கறாங்க, சாயங்காலம் கேட்டப்போ ரெண்டு விரல்தான் காட்டினாங்க." எனக்கு வெட்கமாப் போச்சு. ஆனாலும் நீங்களும் அடிச்சுப் பாருங்க.

அங்க குறையே இல்லையான்னா, இருந்தது. கொசு. ஒரே டாய்லெட். டாக்டரம்மா வாரத்தில் ரெண்டு நாள்தான் நேரில் வருவாங்க, மத்த நாள் போன். அண்ணன் கடைசி வரைக்கும் கொசுவைப் பற்றிப் புலம்பினார், நியாயம்தான். இலவசம்கிறதால நல்ல இடம்னும் நான் சொல்லலை. இலவசமா நடத்தி, ஒரு பாராசிட்டமாலும் பிரார்த்தனையும் மட்டும் கொடுக்கற இடத்தையும் பார்த்திருக்கேன்.

நான் அந்த நர்ஸக்காகிட்ட முன்னாடி கேட்காத கேள்வியைக் கேட்டேன். "இங்க மாசம் எத்தனை பேர் இறக்கறாங்க?"

"போன மாசம் ஏழு பேர் சார். அதுல நாலு பேர் அவங்க வீட்லயே." ஒவ்வொருத்தர் பேரும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

ரெண்டாவது வாரம் டாக்டரம்மா எங்க எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு பெரியம்மாகிட்ட உட்கார்ந்தாங்க. அதுவரைக்கும் நாங்க யாரும் அவங்ககிட்ட என்ன நோய்னு சொன்னதில்லை. சொல்லவே கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தார். "உங்களுக்கு என்ன நோய்னு நினைக்கீங்க ஆச்சி?"ன்னு கேட்டிருக்காங்க. பெரியம்மா ஸ்லேட்டில் எழுதிக் காட்டியிருக்காங்க. அஞ்சாம் வகுப்பு வரை படிச்ச கையெழுத்து. "புத்துநோய். அவனுக்குச் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டான்." கீழே, "வீட்டுக்குப் போகணும்."

கட்டில் காலியாகுதேன்னு அந்த இடத்தில் யாரும் வருத்தப்படலை. டிரெஸ்ஸிங் எப்படி மாத்தறது, மாத்திரையை எப்படிப் பொடிக்கறதுன்னு அண்ணிக்கு ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தாங்க. வாரம் ரெண்டு தடவை நர்ஸக்கா வண்டியில் வீட்டுக்கு வந்தாங்க. இந்த வசதி இல்லாத ஊர்க்காரங்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. 2021 ஆகஸ்ட் 5ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுக்கே வந்து பார்க்கற பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு.

பதினோரு நாள் வீட்டில் இருந்தாங்க. கடைசி நாள் தொண்டையில் கரகரன்னு சத்தம் வந்தப்போ அண்ணன் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கையில் போனை எடுத்துட்டார். எடுத்தவர் நர்ஸக்காவுக்கு அடிச்சார். அவங்க போனிலேயே ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லி, இந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டமா இருக்கும், அவங்களுக்கு வலி இல்லைன்னு சொல்லி, முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாங்க. திண்ணைக் கட்டிலில், பேத்தி கையைப் பிடிச்சிருக்க, சாயங்காலம் போனாங்க பெரியம்மா.

ரெண்டு இடத்தோட பேரையும் நான் சொல்லப் போறதில்லை. கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க. ஆளுங்க மாறினா இடமும் மாறிடும். உங்க ஊர் இடத்தை நீங்கதான் போய்ப் பார்க்கணும்.

அஞ்சாம் நாள் நர்ஸக்கா மறுபடி வந்தாங்க. மீதி இருந்த மார்ஃபின் மாத்திரையை அண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. பதினாலு. கீழே கொட்டி ரெண்டு தடவை எண்ணி, நோட்டில் எழுதி, அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் பையை ஓரமா வச்சுட்டு, "சொல்லுங்க அண்ணாச்சி, ராத்திரி தூங்குதீங்களா?"ன்னு கேட்டாங்க. அண்ணன் அன்னிக்குத்தான் அழுதார். அவங்க அரைமணி நேரம் உட்கார்ந்து, அண்ணி போட்ட காபியைக் குடிச்சுட்டுப் போனாங்க.