பெயர் மட்டும் போதுமா?

கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர் என்றே மர்ஹூமா ஆயிஷா ரவூப் அவர்களை நம்மில் பலர் அறிவோம். அவர் கொழும்பு மாநகர சபையின் பிரதி மேயராகவும் இருந்தவர் என்றால், "அப்படியா?" என்று கேட்பவர்களே அதிகம். சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணியில் சிறு கடை வைத்துப் பிழைக்கும் எங்கள் வீட்டில் அவருடைய பெயர் அடிக்கடி பேசப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு.

ஆயிஷா மலபாரில் பிறந்தவர். முஸ்லிம் பெண்கள் பட்டம் பெறுவது அரிதாக இருந்த காலத்தில் பட்டம் பெற்றார். நாற்பதுகளில் மணமாகி இலங்கை வந்தார். 1946 இல் அதிபர் பொறுப்பை ஏற்று 1970 வரை அதில் இருந்தார். பெண்பிள்ளை பெரியவளானதும் படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் நிறைந்திருந்த காலம் அது. 1949 இல் மாநகர சபைத் தேர்தலில் வென்றார். ஐம்பதுகளில் பிரதி மேயரானார்.

இங்கிலாந்தின் முதல் பெண் மேயரும் இப்படி வந்தவர்தான். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் முதலில் போராடி மருத்துவரானார், பெண்களுக்கென்று மருத்துவமனை நடத்தினார். ஆல்டுபரோ நகரின் மேயரானது 1908 இல். இருவரையும் ஊர் முதலில் அறிந்தது வேலையால். பதவி அதற்குப் பிறகு வந்தது.

ஆயிஷா சபையேறிய அதே 1949, எங்கள் மலைநாட்டுக்குக் கறுப்பு ஆண்டு. முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரின் வாக்குரிமையும் பறிபோனது. அவரைப் போலவே கடல் கடந்து வந்தவர்களின் பேத்திமார், கொழுந்துக் கூடையோடு நின்றவர்கள், வாக்குச்சீட்டை இழந்தார்கள். அவருடைய வெற்றியை இது குறைக்காது. ஆனால் அந்த ஆசனம் எத்தனை பெண்களுக்கு எட்டாமல் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத் திருத்தம் 2016 இல் வந்தது. 2018 தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறையானது. அப்போது ஒரு கட்சிக்காரர்கள் எங்கள் கடைக்கு வந்து, தங்கச்சியின் பெயரைக் கேட்டார்கள்.

"பேரத் தந்தாப் போதும். கூட்டம் கீட்டத்துக்கெல்லாம் வரத் தேவையில்ல."

"நம்மட பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றார் உம்மா. வாப்பா பேசவில்லை. தங்கச்சி மட்டும் சொன்னாள்: "கூட்டத்துக்குக் கூப்பிடுறதென்டா பேர் தாறன்." அவர்கள் திரும்பி வரவில்லை.

அன்றிரவு அவள்தான் ஆயிஷா ரவூபைப் பற்றி உம்மாவுக்குச் சொன்னாள். சீசன் முடிய மலைப்பாதையில் மிஞ்சும் குப்பை, லயத்துப் பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் தூரம் எல்லாவற்றையும் சொல்லி, இதைப் பேசத்தானே சபை என்று கேட்டாள். உம்மா பதில் சொல்லவில்லை.

கொழும்புக்கு முதல் பெண் மேயராக ரோசி சேனாநாயக்க வந்தது 2018 இல்தான். ஆயிஷா பிரதி மேயராக இருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 2025 இல் விராய் கெலீ பல்தசார் இரண்டாவது பெண் மேயரானார்.

அந்த 2025 தேர்தலுக்கு முன்னரும் ஒருவர் பெயர் கேட்டு வந்தார். தங்கச்சி வாய் திறக்குமுன் உம்மா கேட்டார்:

"புள்ளையக் கூட்டத்துக்கும் கூப்பிடுவீங்களா, மகன்?"

வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டு, கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் சொல்லவில்லை.