சுகர் பரம்பரைச் சொத்தா?

"அண்ணா, அப்பாவுக்குச் சுகர் இருந்தால் எனக்கும் வந்தே தீருமா?" துபாயிலும் ஷார்ஜாவிலும் வளர்ந்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

எனக்கும் இது சொந்தக் கேள்விதான். தாத்தாவுக்கு ஊரில் அறுபது வயதுக்கு மேல்தான் சுகர் வந்தது. அப்பாவுக்கு அபுதாபியில் 41 வயதிலேயே தெரிந்தது. எனக்கு இப்போது 36. ஒரே தலைமுறையில் மரபணு அவ்வளவு மாறாது. வாழ்க்கைதான் மாறியிருக்கிறது.

அதற்காக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. டைப் 2 சர்க்கரை நோயோடு தொடர்புள்ள மரபணு மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. பரவலாகக் காணப்படுபவற்றில் வலுவானது டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் உள்ளது. 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வு நிறுவனம், நம்மவர்களிடமும் இந்தத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இந்த மாறுபாடு இருந்தால் கணையம் இன்சுலின் சுரப்பது குறைகிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் நோய்க்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடும். இருவரிடமிருந்தும் வந்திருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கேட்டதும் பயமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 40 சதவீதம் கூடினால் பதினான்கு பேர். மீதி 86 பேரும் அதே மரபணுவோடு நோயில்லாமல் இருப்பார்கள்.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினால் ரிஸ்க் சொல்லும் டெஸ்ட்டுகள் இப்போது கிடைக்கின்றன. வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள். இதுவரை நடந்த மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்டு நடந்தவை. 2011-இல் தெற்காசியர்களைத் தனியாக ஆராய்ந்தபோது, அதுவரை தெரியாத ஆறு இடங்கள் புதிதாக அகப்பட்டன. இங்கே நடக்கும் எமிராத்தி ஜீனோம் திட்டம் குடிமக்களுக்கானது. இங்கேயே பிறந்திருந்தாலும் அதில் நாம் இல்லை. நம்மைப் போன்றவர்களை அதிகம் பார்க்காத கணக்கு நமக்குச் சரியாகப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

"நான் ஒல்லிதானே" என்ற தைரியமும் வேண்டாம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்களையே ஒப்பிட்டு லான்செட் இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்த மாதிரி வேறுபாடுகளால்தான் இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்கிறார்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு நாம் இங்கே எப்படி வாழ்கிறோம்? பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட், லிஃப்ட்டிலிருந்து நாற்காலி. நாலு மாதம் வெயிலில் கால் வைக்க முடியாது. நாளுக்கு மூன்று கரக் சாய், ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா டெலிவரி.

நல்ல செய்தி, இந்தப் பக்கத்தை மாற்றலாம் என்பது. அமெரிக்காவின் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், டிசிஎஃப்7எல்2 மாறுபாடு இரட்டையாக இருந்தவர்களுக்கு நோய் வேகமாக வந்தது. ஆனால் வாரம் 150 நிமிடம் நடந்து எடையைக் குறைத்த குழுவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டது. மூன்றே ஆண்டில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். மாற்றியவர்களிலும் பலருக்கு வந்தது. அதனால் நோய் வந்தவரைப் பார்த்து "நீ சரியாக இல்லை" என்று யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

வீட்டில் யாருக்காவது இருந்தால், மரபணு டெஸ்ட்டுக்கு முன்னால் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-ஐத் தொட்டால் மருத்துவர் உறுதிசெய்வார்.

இன்னொன்று. நம் அப்பாக்கள் வேலை போய்விடுமோ, ஊரில் பேசுவார்களோ என்று சுகரை மறைத்தே பழகியவர்கள். எந்த வயதில் தெரிந்தது, பாட்டிக்கு இருந்ததா, கால் மரத்ததா என்று உட்கார்ந்து கேளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பரம்பரை விவரம் அது. கேட்ட பிறகு இருவரும் சேர்ந்தே நடக்கப் போகலாம்.