எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஆறடி உயரமான ஒருவனை எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கினால் அவன் ஓரங்குலம் ஆவான். மாதிரியுரு விமானம் செய்வோர் பெரிதும் கையாளும் அளவுத்திட்டம் இதுவே. இக்கணக்கை முதன்முதலாக அறிந்த வயதில் அதனை ஒரு வேடிக்கையாகவே கொண்டேன். ஐம்பது வயது கடந்த பின்னர், சாவணத்தின் நுனியில் அந்தச் சின்னஞ்சிறு வைமானிகனைப் பிடித்து அவனது தலைக்கவசத்துக்குக் கபில நிறம் தீட்டிய இரவொன்றில்தான், அது அவ்வளவு வேடிக்கையான கணக்கன்று என்பது எனக்கு உறைத்தது.

தமிழ்ச் சங்கத்து மலரிலே போர்விமானப் பொம்மையைப் பற்றி எழுதுவதா என்று வினவும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களது வினா நியாயமானதே. எமது மண்ணில் விமானம் என்பது எத்தகைய சொல் என்பதை நானும் அறிவேன். அதைப்பற்றியும் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வந்த எனது மருமகன் எயார்பிக்ஸ் பெட்டியொன்றைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே ஹோக்கர் ஹறிக்கேன். சிறு வயதிலிருந்தே நான் இந்த விமானத்தைப் பற்றி ஓயாது பேசுவதைத் தன் தாயிடமிருந்து அவன் கேட்டறிந்திருக்கிறான். நான் படித்த காலத்தில் இத்தகைய பெட்டி எமக்கு எட்டாப் பொருள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ்ப் பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் பிளாஸ்ரிக் விமானத்தை யார் தருவிப்பார்? பழைய சஞ்சிகைகளில் வந்த படங்களை வெட்டி மட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். ஆதலால் அந்தப் பெட்டியைத் திறந்தபோது என் கைகள் சற்று நடுங்கின என்று சொல்வதில் வெட்கமில்லை.

ஹறிக்கேன் அழகான விமானமன்று. அதன் சகபாடியான ஸ்பிற்பயரின் ஒயில் இதற்கு இல்லை. முதுகு கூனி, சிறகு தடித்து, உழைப்பாளி ஒருவனின் தோற்றம் கொண்டது. சிட்னி காம் என்பவரின் வடிவமைப்பில் உருவாகி, 1935 நவம்பர் 6ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. உருக்குக் குழாய்களாலான எலும்புக்கூடு, அதன்மேல் மரச்சட்டங்கள், பின்னுடலில் அவற்றின்மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி, அத்துணியை விறைப்பாக்கும் பூச்சு: இதுதான் அதன் உடல். உலோகத் தகட்டால் முழு உடலையும் மூடும் புதிய முறை வந்துகொண்டிருந்த காலத்தில், பழைய துணி விமானங்களின் மரபில் பாதிக்கால் ஊன்றி நின்றது இது. அதிலும் ஒரு நன்மை இருந்தது. துணியைத் துளைத்த குண்டு மறுபக்கத்தால் வெளியேறிவிடும். துளையின்மேல் ஒரு துணித்துண்டை ஒட்டி மீண்டும் பறக்கலாம். எமது வீட்டுப் பெண்கள் கிழிந்த வேட்டியைத் தைத்துத் தருவது போன்ற பொறியியல்.

மாதிரியுருவிலும் இத்துணிதான் சோதனை. உடலின் இருபாதிகளையும் ஒட்டியபின் முதுகிலே ஒரு பொருத்துக்கோடு தெரியும். அதைப் புட்டியால் நிரப்பி, நனைத்த மணற்கடதாசியால் தேய்த்து மறைக்க வேண்டும். ஆனால் மரச்சட்டங்களின் மேல் துணி விம்மியும் இடையே தாழ்ந்தும் கிடப்பதைக் காட்டும் மெல்லிய வரைகள் பின்னுடல் முழுவதும் ஓடுகின்றன. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் பொருத்துக்கோட்டுடன் அவையும் மறைந்துபோம். மூன்று மாலைகள் இதற்கே சென்றன. கோபுரச் சிற்பத்துக்குச் சுண்ணாம்பு பூசுகிறவனுக்கு மட்டுமே என் நிலை விளங்கும்.

சிறகின் அகலம் முனைக்கு முனை நாற்பது அடி. என் மேசையில் அது பதினேழு சென்ரிமீற்றர். மேற்புறத்துக்குக் கரும்பச்சையும் மண்ணிறமும், கீழ்ப்புறத்துக்கு வெளிர்ந்த பசுநீலம். ஹம்ப்றோல் வண்ணச் சிமிழ்களில் முப்பதும் இருபத்தொன்பதும் முன்னிரண்டுக்குமான எண்கள். சிறகின் முன்விளிம்பிலே துப்பாக்கி வாய்களின்மேல் செந்நிறச் சிறு சதுரங்கள் தீட்டினேன். குளிரும் தூசும் உட்புகாதிருக்கத் துப்பாக்கி வாய்களைத் துணித்துண்டால் ஒட்டி மூடுவது வழக்கம். முதற்சூட்டிலே அவை கிழிந்துபோம். மூடிய சதுரம் சுடாத விமானத்தின் அடையாளம். பாகங்கள் தொங்கி வந்த சட்டத்தில் எஞ்சியதை மெழுகுதிரியில் வாட்டி, இளகியதும் இழுத்தால் தலைமயிரினும் மெல்லிய நூலொன்று கிடைக்கும். வானொலிக் கம்பி அதுவே. ஒட்டுப்பசையால் வேண்டாத இடத்தில் கைவிரல் ரேகை பதிந்துபோன கதையை விட்டுவிடுகிறேன்.

இத்தனை பாடும் அப்பாவுக்காகவே.

1942 ஏப்ரில் 9ஆம் நாள், வியாழக்கிழமை காலை, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, அதே கடற்படைத் தொகுதி கொழும்பைத் தாக்கியிருந்தது. கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானமொன்று 4ஆம் நாளே அத்தொகுதியைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தும், இரத்மலானையில் நின்ற ஹறிக்கேன்கள் எதிரி தலைக்கு மேல் வந்தபின்னரே எழும்ப நேர்ந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இன்னோர் அணி நின்றது. அத்திடல் விமானத்தளமாக்கப்பட்டதை யப்பானியர் அறிந்திருக்கவில்லை. திருகோணமலையில் சீனக்குடாத் தளத்து அணி முன்னெச்சரிக்கை பெற்று வானேறிக் காத்திருந்தது. எனினும் சீறோ விமானத்தின் வளைவுக்கும் ஏற்றத்துக்கும் முன்னே ஹறிக்கேன் ஈடுகொடுப்பது அரிது. எண்ணிக்கையும் அவர்கள் பக்கமே. முதல்நாளிரவு துறைமுகத்தை விட்டு அகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது.

இவையெல்லாம் நூல்களிலே உள்ளவை. அப்பாவிடம் இருந்தது வேறு. அன்று அவருக்குப் பதின்மூன்று வயது. என் பாட்டனார் துறைமுகத்தில் எழுதுவினைஞர். வீட்டு முற்றத்து முருங்கையின் கீழ் நின்ற அப்பா, ஒரு விமானம் புகை கக்கியபடி தென்னைகளின் உயரத்துக்கு இறங்கி வந்து, தமது தலைக்கு நேர்மேலாகக் கடந்து, குடாவின் பக்கமாகச் சென்று மறைந்ததைக் கண்டார். அதன் வயிற்றையும் மூக்கின் அடியையும் கண்டார். அது விழுந்ததா, இறங்கியதா என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவே பாட்டனார் குடும்பத்தை வள்ளத்தில் மூதூருக்கு ஏற்றிவிட்டார். ஒவ்வோர் ஏப்ரிலிலும் இக்கதை எமக்குச் சொல்லப்படும். சிறுவயதில் நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கு அவர் என்னை அழைத்துச் சென்றிருக்கிறார். கற்களிலே வயதுகளைப் படித்துக்கொண்டு மெல்ல நடப்பார். எவரைத் தேடினார் என்பதை நான் கேட்டதில்லை.

2013இல் அவருக்கு எண்பத்துநான்கு வயது. பார்வை மங்கி, நினைவும் இடையிடையே அறுந்துபோயிருந்தது. அவரைப் பராமரிக்க யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்திருந்தார். விமானம் முடிந்த அன்று அதை ஒரு தட்டில் ஏந்தி அப்பாவிடம் கொண்டுசென்றேன். அவர் கைகளில் வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கவிழ்த்துப் பிடித்து, அடிப்புறத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் மூக்கின் கீழே தடவினார்.

“இது அதில்லை, தம்பி.”

“ஹறிக்கேன்தான், அப்பா.”

“இல்லை. அதுக்கு நாடி இருந்தது.”

அன்று காலைதான் அக்காவைத் தம் மறைந்த தங்கையின் பெயரால் அழைத்திருந்தார். ஆகவே நான் மறுத்துரைக்கவில்லை. “சரி, அப்பா” என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டேன். நோயாளியோடு பேசும் அந்த இனிய, பொய்யான குரல் எனக்கு எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கூடத்து அலுமாரியில் அதை வைக்கப் போனேன். அக்கா குறுக்கே வந்தார்.

“உதை உங்கை வையாதை.”

“பொம்மைதானே, அக்கா.”

“எனக்கு அது பொம்மை இல்லை.”

அவர் குரலை உயர்த்தவில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் குழந்தைகளோடு பதுங்குகுழிக்குள் இறங்கி ஏறியவர் அவர். பொம்பர், ஹெலி, சகடை என்று ஒலியைக் கொண்டே பிரித்தறியும் கல்வி அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வாய்த்திருந்தது. எனக்குப் பெட்டி கொண்டுவந்த மருமகன் அந்தக் குழிக்குள் எழுத்துப் படித்தவன். அவனுக்கு விமானம் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அவன் தாய்க்கு ஆகவில்லை. அக்காலத்தில் நான் தென்பகுதியில், விமானம் போனால் அண்ணாந்து பார்த்து வகை சொல்லும் மனிதனாக இருந்தேன். அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து ஓடுவதும் ஒன்றல்ல. மறுமொழி சொல்லாமல் அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன்.

சில வாரங்களின் பின் நூலொன்றைப் புரட்டியபோது, வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் நின்ற ஹறிக்கேன் ஒன்றின் படத்தைக் கண்டேன். மூக்கின் அடியில், சுழலிக்குச் சற்றுப் பின்னால், பருத்த பெட்டியொன்று தொங்கியது. பாலைவனத்துக்கும் வெப்பநாடுகளுக்கும் அனுப்பப்பட்ட ஹறிக்கேன்களுக்கு, இயந்திரம் உறிஞ்சும் காற்றிலுள்ள தூசை வடிப்பதற்கெனப் பொருத்தப்பட்ட வோக்ஸ் வடிகட்டி அது. வேகத்தைச் சிறிது குறைத்தாலும் இயந்திரத்தைக் காப்பாற்றியது. பக்கவாட்டிலே பார்த்தால் கீழ்த்தாடை தொங்கிய முதியவனின் முகம்.

நாடி!

எனது பெட்டியில் வந்தது 1940இல் இங்கிலாந்தின் வானத்தில் போரிட்ட முதலாம் வகை. எட்டுத் துப்பாக்கி, சுத்தமான மூக்கு. அப்பா கண்டது அதுவன்று. எழுபத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஓரிரு கணங்கள் தலைக்குமேல் கடந்ததை அவர் பிழையின்றி வைத்திருந்தார். நூலகமும் மூக்குக்கண்ணாடியும் உள்ள நான்தான் பெட்டியின் மூடியிலிருந்த படத்தை நம்பினேன்.

புதியதொன்று வாங்கியிருக்கலாம். எனினும் அதையே திருத்த விரும்பினேன். இரு கூறாகப் பிசைந்து இறுகவிடும் புட்டியால் நாடியை உருட்டி, அரைகுறையாக இறுகியபோது கத்தியால் செதுக்கினேன். முதலாவது தவளையின் தொண்டைபோல வந்தது; எறிந்துவிட்டேன். மூன்றாவது பொருந்தியது. இரண்டாம் வகையின் பன்னிரு துப்பாக்கிகளுக்காகச் சிறகுகளின் வெளிப்புறத்தில் நான்கு புதிய சதுரங்கள் தீட்டினேன். இரண்டாம் வகை மூக்கிலே சில அங்குலம் நீண்டது. என் அளவில் அது இரண்டு மில்லிமீற்றர். அதை விட்டுவிட்டேன். இத்துறை வல்லோர் மன்னியார், அப்பா மன்னிப்பார். பெட்டியோடு வந்த அணியெழுத்துகளைச் சுரண்டி அகற்றினேன். அப்பா எந்த எழுத்தையும் கண்டதாகச் சொன்னதில்லை. வட்டச்சின்னத்தின் நடுவிலுள்ள சிவப்புப் பொட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். யப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்பிவிடும் என்பதால் இப்பகுதி விமானங்களிலிருந்து பின்னாளில் அது நீக்கப்பட்டது. ஏப்ரில் 9 அதற்கு முந்தியது.

இரண்டாம் முறை கொண்டுசென்றபோது அப்பா படுக்கையில் இருந்தார். பார்வை அநேகமாகப் போய்விட்டது. விமானத்தைக் கவிழ்த்து அவர் விரலை மூக்கின் கீழே வைத்தேன். தடவினார், மீண்டும் தடவினார்.

“ஓம்,” என்றார். பின்னர், “இறங்கினவனோ?” என்று கேட்டார்.

சீனக்குடாத் தளத்து விமானங்களிற் பல அன்று மீளவில்லை என்பதை நான் படித்திருந்தேன். முன்னர் பேசிய அந்த இனிய குரலில் பேசக்கூடாது என்று உறுதிகொண்டிருந்தேன். “தெரியாது, அப்பா” என்றேன். அவர் தலையசைத்தார். அந்த விடை அவருக்குப் பழகியதே.

2014 தை மாதத்தில் அப்பா காலமானார். அந்தியேட்டி முடிந்து உறவினர் சென்றபின், பின்னறையை ஒழுங்குபடுத்த வந்த அக்கா மேசையருகே நின்றார். தொடவில்லை. சற்றுக் குனிந்து கண்ணாடிக்கூட்டுக்குள் பார்த்தார்.

“இதுக்குள்ளை எத்தினை பேர்?”

“ஒராள்தான், அக்கா.”

“எத்தினை வயது இருக்கும்?”

“இருபது, இருபத்திரண்டு.”

அக்கா இன்னும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வரவே உள்ளே போனார். விமானம் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறது. வானொலிக் கம்பி அறுந்துவிட்டது. சட்டத்துண்டும் மெழுகுதிரியும் இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுது வேண்டும்.