தோடிக்குப் பின்னால் ஓர் ஆசாரி

கள்ளக்குறிச்சிப் பக்கம் போகிறவர்கள் கல்வராயன் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நானோ ஊருக்குள் ஒரு மரச் சிற்பப் பட்டறையில் நின்றுவிட்டேன். உளிமுனையில் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை வளைந்துகொண்டிருந்தது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற சிற்பம் அல்லவா இது! பார்க்கிறவர்கள், “யார் செய்தது?” என்று உடனே கேட்கிறார்கள். கண்ணுக்காக மரம் செதுக்குகிறவருக்கு இந்தப் பெருமை உண்டு. காதுக்காக மரம் குடைகிறவருக்கு?

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கும் கிராமம் அது. நாதஸ்வரம் செய்வதே அங்கே குலத்தொழில்.

முன்பு வழக்கில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். கோயில் வீதிக்கு அது எடுப்புத்தான். ஆனால் சுத்த மத்தியமம் அதில் சரியாகப் பேசாது. உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். தோடியில் வருவதோ அந்த ஸ்வரம்! தோடிக்கென்றே பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு இந்தக் குறை உறுத்தாமல் இருக்குமா?

அந்தக் குறையைத் தீர்த்தவர்தான் ரங்கநாதன் ஆசாரி. லேசான காரியமா அது? துளை நூலிழை நகர்ந்தால் ஸ்வரமும் நகரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணும். போட்ட துளையை அழிக்கவும் முடியாது. சிலையில் கை பிசகினால் கண் சொல்லிவிடும். நாயனத்தில் ஊதிப் பார்த்தால்தான் தெரியும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார். சுருதி இறங்கியது, நாதம் கனிந்தது, சுத்த மத்தியமமும் வசப்பட்டது.

அதற்கு வேண்டியது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் வற்றாத கட்டை வெடித்துவிடும். ஆகவே, இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடிப் போகிறார்கள். யாருடைய கூடத்தையோ தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய உத்தரம், இன்னொரு வீட்டுப் பெண்ணின் முகூர்த்தத்தில் வாய் திறந்து பாடுகிறது!

ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமானார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022-ல். குறியீடு வந்தால் மட்டும் போதுமா? ‘ஒலிபெருக்கியில் பதிவைப் போட்டால் ஆயிற்று’ என்று நாம் முகூர்த்தத்தை முடித்துக்கொண்டால், நாயனம் வாங்க யார் வருவார்கள்? உளி பிடிக்க எந்தப் பிள்ளை உட்காருவான்?

கல்யாணப் புடவை எந்த ஊர்த் தறி என்று விசாரிக்காமல் நாம் வாங்குவதில்லை. அடுத்த முறை மேளம் பேசும்போது, “இந்த நாயனம் யார் கை வேலை?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்களேன். வாசிக்கிறவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், நமக்கும் தெரியட்டுமே!