சூட்டும் ஆரமும்

சக்கரத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் பழம்பெயர்கள் உண்டு. நடுவிலுள்ள குடம் குறடு எனப்பட்டது. அதிலிருந்து விரியும் கால்கள் ஆரம். அவற்றைச் சூழ்ந்து நிற்கும் வட்டை சூட்டு. உப்பு வணிகரின் வண்டியை வருணிக்கும் பெரும்பாணாற்றுப்படையில் சூட்டையும் ஆரத்தையும் காணலாம். இன்றைய பட்டறையில் இவையே ஹப் என்றும், போக்ஸ் கம்பி என்றும், ரிம் என்றும் வழங்குகின்றன. பெயர்கள் மாறினும் தொழில் மாறவில்லை. வகுப்பறையில் பலமுறை சொல்லிவந்த இச்சொற்களின் முழுப்பொருளை நமக்கு விளக்கியது, நம் அத்தா விட்டுச்சென்ற புல்லட் வண்டியாகும்.

ராயல் என்பீல்டு என்னும் ஆங்கில நிறுவனம் 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. அதன் பயனாய்த் திருவொற்றியூர் ஆலையில் 350 சி.சி. புல்லட் உருவாகி ஊரெங்கும் ஓடலாயிற்று. அவற்றுள் ஒன்றை அத்தா 1974இல் வாங்கினார்கள். பின்னிருக்கையில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாய்ச் சென்று, அவ்வண்டியின் உழைப்பிலேயே நம்மைப் படிக்க வைத்தார்கள். 2011இல் அவர்கள் மறைந்தபின் வண்டி தாழ்வாரத்தில் நின்றது. கல்லூரியில் சேர்ந்த தம்பி மகன் அதில் ஏறிச் செல்ல விரும்பியபோதுதான் சக்கரங்களின் நிலை ஆராயப்பட்டது.

இரண்டும் 19 அங்குல விட்டமுடைய எஃகு ரிம்கள். ஒவ்வொன்றிலும் 40 கம்பிகள். துணியால் துடைத்ததும் பாதிக்குமேல் பளபளத்தது. ஆங்காங்கே ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. 'முலாம் பூசினால் புதிதாகிவிடும்' என்று தம்பி மகிழ்ந்தான்.

இவ்விடத்தில் முலாமின் இயல்பை அறிதல் நன்று. வெளியே மின்னும் குரோமியப் படலத்தின் கனம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரும்பை உண்மையில் காத்து நிற்பது அதன் கீழுள்ள நிக்கல் படலமே. அதில் நுண்துளை விழுந்து ஈரம் புகுந்தால், நிக்கலும் இரும்பும் மின்கலத்தின் இரு முனைகள் போலாகின்றன. அப்போது அரிக்கப்படுவது நிக்கல் அன்று, இரும்பே. மேலே புள்ளியாகத் தெரிவது கீழே குழியாக இருப்பது இதனால்தான்.

அத்தாவின் காலந்தொட்டு அவ்வண்டியைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக் டயரையும் டியூபையும் கழற்றினார். உள்ளே சுற்றியிருந்த நாடா மட்கிப் போயிருந்தது. முன்சக்கரத்தில் துரு மேலோட்டமாகவே இருந்தது. பின்சக்கரத்திலோ கம்பிகளின் நிப்பிள் அமரும் துளைகளைச் சுற்றி இரும்பு ஏடு ஏடாகப் பெயர்ந்தது. திருப்புளியின் முனையால் அவர் அழுத்தியபோது ஓரிடத்தில் அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது. 'முன்சக்கரம் பிழைக்கும் தம்பி. பின்சக்கரம் பிழைக்காது' என்றார்.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. 'அத்தாவின் வண்டி நம்மிடமுள்ள அமானிதம். அதன் உறுப்பை மாற்றலாமா?' என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. ஆயினும் முலாம் பூசுவோர் முதலில் பழைய படலத்தை அகற்றி, குழிகள் மறையும்வரை தேய்த்து, பின்னரே செம்பு, நிக்கல், குரோமியம் என அடுக்குவர். தேய்க்குந்தோறும் இரும்பு மெலியும். முலாம் அழகைத் தரும். இழந்த வலிமையைத் தராது. நாற்பது கம்பிகளும் ஓயாது உள்நோக்கி இழுக்கும் இழுவிசையை மெலிந்த சூட்டு எங்ஙனம் தாங்கும்?

வழக்கைத் தீர்த்தவர் அம்மா. 'வண்டி உங்கள் அத்தாவுடையது. அதில் ஏறப்போகிறவன் என் பேரன்' என்றார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

முன்சக்கரத்தின் ரிம் முலாமுக்குச் சென்றது. பின்சக்கரத்திற்குப் புதியது வந்தது. விட்டமும் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. துளைகளின் சாய்வும் பழைய ஹப்பிற்கு இசைய வேண்டும். இல்லையேல் கம்பி நிப்பிளருகே வளைந்து நாளடைவில் முறியும். மெக்கானிக் அதனையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கம்பி கோத்தார். பழைய கம்பிகளை ஒதுக்கி, இரு சக்கரங்களுக்கும் புதியனவற்றையே இட்டார். பின் அரைநாள் அமர்ந்து, சக்கரத்தைச் சுழற்றுவதும், ஒரு பக்கத்துக் கம்பியைச் சற்றே தளர்த்தி எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்குவதுமாகக் கோட்டம் எடுத்தார். ஒரு கம்பியை அளவுமீறி முறுக்கினாலும் வட்டம் கெடும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

மரபைப் பேணுதல் குறித்து நாம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொள்வாரும் உளர். பழையது என்பதற்காகவே வீசி எறிவாரும் உளர். இருவரும் பெரும்பாலும் மேற்பூச்சைக் கண்டே முடிவு செய்கின்றனர். டயரைக் கழற்றி உள்ளே பார்க்கும் பொறுமையும், பாரம் எங்கே விழுகிறது என ஆராயும் தெளிவும் வேண்டும். உறுதியுள்ளதைச் செப்பனிட்டுக் காப்பதும், உறுதியற்றதை மதிப்போடு இறக்கி வைப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். குறடு அத்தாவுடையதாகவே இருக்க, சூட்டு மட்டும் புதிதாயிற்று. அதனை அத்தாவின் வண்டி என்றே ஊரார் இன்றும் அழைக்கின்றனர்.